கடைசி வரிசைப் பல்கலைக்கழகத்தில் இடம்: வீட்டை அடமானம் வைத்துப் போகலாமா?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர், நான்கு வருட அனுபவம், கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் ஊரில் இருக்கிறார்கள். லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்க இவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் 4,000 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும். கையிலிருக்கும் சேமிப்பு போக 28 லட்ச ரூபாய் கடன் தேவை. அதற்கு ஊரில் உள்ள வீட்டை அடமானம் வைக்கப் போகிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகம் பிரிட்டனின் தரவரிசைப் பட்டியல்களில் கடைசிப் பத்துக்குள் வருகிறது. லண்டனின் ஹாரோ பகுதியில் இருக்கும் மாமா, “அது பழைய பாலிடெக்னிக். இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். ஊருக்கு வந்தாலும் அந்தச் சர்டிபிகேட் செல்லாது” என்கிறார். கன்சல்டன்சிக்காரர், “ரேங்க் எல்லாம் சும்மா. விசா வந்தால் போதும், பார்ட் டைம் வேலையிலேயே கடனை அடைத்துவிடலாம்” என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி, அந்த இடத்துக்கு இவ்வளவு கெட்ட பெயர் தகுமா என்பது இவரது கேள்வி. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பல்கலைக்கழகத்தின் பெயரை நீக்கிவிட்டேன்.

அன்புச் சகோதரிக்கு,

மாமா, கன்சல்டன்சிக்காரர் இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் முன்னால் இருப்பது ஒரு கடன் முடிவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மாமாவிடமிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் 1992-ல் வந்த சட்டம், அதுவரை பாலிடெக்னிக்காக இயங்கியவற்றைப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. இன்று பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருப்பவற்றில் நிறைய அந்த வகைதான். ஆனால் நம் ஊர் டிப்ளமா பாலிடெக்னிக்கை மனதில் வைத்து அவற்றை எடை போடக் கூடாது. அங்கே படித்தவர்கள் 1992-க்கு முன்பும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தேசிய அளவிலான ஒரு கவுன்சில் அந்தப் பட்டங்களை வழங்கியது. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படித்தவர்கள், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் எனப் பலருக்கும் கதவு திறந்த இடங்கள் அவை. ‘பழைய பாலிடெக்னிக்’ என்று சொல்லும்போது அங்கே ஓர் இளக்காரம் தொனிக்கும். மாமா அதைப் பல வருடமாகக் கேட்டிருப்பார். அந்த இளக்காரத்தில் படிப்பின் தரத்தைப் பற்றிய கவலையைவிட, யார் அங்கே படிக்கிறார்கள் என்ற பார்வை அதிகம் என்பது என் கருத்து.

சர்டிபிகேட் செல்லாது என்பதும் சரியில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் சட்டப்படி கிடைத்த பல்கலைக்கழகம் என்றால், அது பட்டியலில் முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் பட்டம் பட்டம்தான். பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை இந்தியாவில் ஏற்பதில் முன்பு தகராறு இருந்தது. 2022 ஜூலையில் இரு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அது தீர்ந்தது. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகள் மட்டும் அதில் சேரவில்லை. உங்கள் எம்.எஸ்சி.க்கு அந்தச் சிக்கல் இல்லை. நாளைக்கு அரசு வேலைக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ போக நினைத்தால், வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எதை அளந்து இந்த வரிசை?

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி, “இந்த யுனிவர்சிட்டி பேரை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது” என்பது. அந்தக் கூச்சத்தை ஒரு பட்டியல் உங்களுக்குள் ஏற்றிவிட்டிருக்கிறது. அதனால் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கார்டியன் நாளிதழ் போடுவது போன்ற உள்நாட்டுப் பட்டியல்கள் இளநிலை மாணவர்களுக்கானவை. சேரும் பிள்ளைகள் பள்ளி இறுதியில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள், முதல் வருடத்துக்குப் பிறகு எத்தனை பேர் படிப்பைத் தொடர்ந்தார்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவிடப்படுகிறது, இறுதியாண்டு மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா, படித்து முடித்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பவைதான் முக்கியமான அளவுகோல்கள்.

முதல் அளவுகோலை மட்டும் யோசித்துப் பாருங்கள். நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் பாடம் நடத்துவதற்கு முன்பே வரிசையில் மேலே போய்விடலாம். நூற்றுக்கு நூறு ரிசல்ட் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பாஸ் ஆக்கும் பள்ளியின் ரிசல்ட் 82 சதவீதமாக இருக்கும். எந்தப் பள்ளி அதிகம் உழைத்தது என்று ரிசல்ட் போர்டு சொல்லாது. படிப்பைப் பாதியில் விடுபவர்களின் கணக்கும் இப்படித்தான். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வளர்த்துக்கொண்டே படிப்பவர்கள் அதிகம் சேரும் இடத்தில் பாதியில் நிற்பவர்களும் அதிகமாக இருப்பார்கள். அதற்காகக் கல்லூரி மோசம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், அந்த மாணவர்களுக்குக் கூடுதல் கவனம் கொடுக்காமல் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்களா என்ற கேள்வியையும் விடக் கூடாது.

உலகத் தரவரிசை வேறு கதை. கியூ.எஸ். பட்டியலில் 100-க்கு 45 மதிப்பெண் மற்ற பேராசிரியர்களும் வேலை கொடுப்பவர்களும் அந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக் கணிப்புக்குப் போகிறது. இன்னொரு 20, ஆராய்ச்சிக் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதற்கு. பாடம் நடத்துவதோடு கொஞ்சமாவது தொடர்புள்ள ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு வெறும் 10. அதாவது, ஏற்கெனவே பெயர் பெற்ற இடத்துக்குப் பெயர் பெற்றதற்காகவே மதிப்பெண். ஆராய்ச்சியில் பெரிதாக இறங்காத, பாடம் நடத்துவதையே முக்கியமாக வைத்திருக்கும் இடம் அந்தப் பட்டியலில் மேலே வர வழியே இல்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். நீங்கள் சேரப் போவது ஓராண்டு முதுநிலை வகுப்பு. மாமா காட்டிய உள்நாட்டுப் பட்டியல் இளநிலை மாணவர்களை அளக்கிறது. மாணவர் திருப்தி பற்றிய தேசியக் கணிப்பும் இளநிலை இறுதியாண்டினரிடம்தான் எடுக்கப்படுகிறது. உங்கள் வகுப்பறையில் என்ன நடக்கும் என்று அந்த எண் எதுவும் சொல்லவில்லை. வரிசையில் மேலே இருக்கும் இடங்களுக்கும் இது பொருந்தும். அங்கேயும் ஓராண்டு எம்.எஸ்சி. வகுப்பு எப்படி இருக்கிறது என்று இளநிலைப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

துறைக்குத் துறையும் மாறும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அபர்டே என்ற சிறிய பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகப் பட்டியல்களை வைத்துத் தேடுபவர்கள் கண்ணில் அது படாது. ஆனால் கணினி விளையாட்டு உருவாக்கத்துக்கு 1997-லேயே பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. அந்தத் துறையில் இருப்பவர்களிடம் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள்.

இத்தனையும் சொன்னாலும், ரேங்க் எதற்குமே உதவாது என்று கன்சல்டன்சிக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெரிய ஆலோசனை நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் பெயர் பார்த்துத்தான் முதலில் வடிகட்டுகின்றன. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு கியூ.எஸ். பட்டியலில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகம் என்ற நிபந்தனை இருக்கிறது. நம் வங்கிகள் அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கத் தாங்களே ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. உங்களிடம் வீட்டைக் கேட்கிறார்கள் என்றால் அந்தப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். வங்கி மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கெட்ட பெயர் தகும் இடமும் உண்டு

லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்த, பொதுவெளியில் உள்ள ஒன்று. 2002-ல் லண்டன் கில்டுஹால், வடக்கு லண்டன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களை இணைத்து உருவாக்கினார்கள். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், வயதில் மூத்த மாணவர்கள், குடியேறியவர்கள் என்று மற்ற இடங்கள் கைவிட்டவர்களை நிறையச் சேர்த்துக்கொண்ட இடம். பட்டியல்களில் அடிமட்டத்தில் இருந்தது. சில வருடங்கள் தன் விவரங்களைப் பட்டியல் போடுபவர்களுக்குத் தரவே மறுத்தது. அதுவரை அந்தக் கெட்ட பெயர் பாதி அநியாயம் என்றுதான் நான் சொல்லுவேன்.

அப்புறம் நடந்தது வேறு. படிப்பை முடிக்காத மாணவர்களின் கணக்கைத் தவறாகக் காட்டி அதிக நிதி வாங்கியது தெரியவந்தது. 3.6 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2009-ல் துணைவேந்தர் பதவி விலகினார். 2012 ஆகஸ்டில், வெளிநாட்டு மாணவர்களின் விசா, வருகைப் பதிவு, ஆங்கிலத் திறன் ஆகியவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அரசு அதன் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது விசாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை, பறித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள். பணம் கட்டி, ஒழுங்காக வகுப்புக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் அந்தக் கல்வியாண்டை முடிக்க, விஷயம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் உரிமம் திரும்பக் கிடைத்தது. பல்கலைக்கழகம் இன்றும் இயங்குகிறது.

அந்த மாணவர்களைத் தெருவில் நிறுத்தியது ரேங்க் இல்லை, நிர்வாகத்தின் அலட்சியம். அதனால்தான் ரேங்கைவிட நிர்வாகத்தைப் பாருங்கள் என்று என்னிடம் வரும் எல்லாரிடமும் சொல்கிறேன். இப்போது அந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது. 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களுக்கான விதிகளை இறுக்கப் போவதாக அரசு அறிவித்தது. விசா மறுப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சேர வேண்டியவர்களில் 95 சதவீதம் பேர் சேர வேண்டும், 90 சதவீதம் பேர் படிப்பை முடிக்க வேண்டும் என்ற அளவில். இதில் தடுமாறும் இடங்கள் திடீரென்று சில நாடுகளிலிருந்து சேர்க்கையை நிறுத்தும், அல்லது கடைசி நேரத்தில், விசாவுக்குத் தேவையான சேர்க்கை உறுதிக் கடிதத்தை (காஸ், CAS) தராமல் இழுக்கும்.

கன்சல்டன்சிக்காரரின் கணக்கு

“அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை, அதனால் நம்பலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சேர்ந்தால் அவருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கும். அது சட்டப்படி சரியான தொழில்தான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘போகாதே’ என்று சொன்னால் அவருக்கு வருமானம் இல்லை. அவர் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்ட் டைம் வேலையில் கடனை அடைப்பது நடக்காது. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். முதுநிலை மாணவர்களுக்குக் கோடையில் ஆய்வறிக்கை எழுதும் மாதங்களும் படிப்புக் காலம்தான். இளநிலை மாணவர்கள் போல அப்போது முழுநேரம் வேலை பார்க்க முடியாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வாரம் விடாமல் 20 மணி நேரம் வேலை கிடைத்தாலும் மாதம் சுமார் 1,100 பவுண்டு. லண்டனில் ஒரு மாணவர் வாழ மாதம் 1,529 பவுண்டு தேவை என்று விசா விதியே சொல்கிறது. அதற்கே 400 பவுண்டுக்கு மேல் இடிக்கிறது.

படித்து முடித்த பிறகு தங்கும் கிராஜுவேட் விசாவுக்கு ரேங்க் நிபந்தனை இல்லை. இதில் மாமா பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வருடம் என்று உங்களிடம் சொல்லியிருப்பது இனி உங்களுக்குப் பொருந்தாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். வரும் செப்டம்பரில் சேர்ந்தால் நீங்கள் அந்தத் தேதிக்குப் பிறகுதான் விண்ணப்பிப்பீர்கள். அந்த 18 மாதத்துக்குள் உங்களுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளி கிடைக்க வேண்டும். திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. மாணவர் விசாவிலிருந்தும் கிராஜுவேட் விசாவிலிருந்தும் மாறுபவர்களுக்குக் குறைந்தபட்சம் 33,400. வேலைக்கு ஏற்ப இது கூடலாம். டேட்டா வேலையில் இந்தச் சம்பளம் நடக்கக்கூடியதுதான். ஸ்பான்சர் செய்ய ஒரு நிறுவனம் முன்வருவதுதான் கஷ்டம்.

இனி கடன். 28 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் ஒரு வருடமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் அது கிட்டத்தட்ட 6 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் 34 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 46,000 ரூபாய். இன்றைய உங்கள் முழுச் சம்பளத்தைவிட அதிகம். லண்டனில் வேலை கிடைத்தால் இது தாங்கும். கிடைக்காமல் ஊர் திரும்பினால், கோவையிலோ சென்னையிலோ 70,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் உடனே கிடைத்தால்தான் நீங்கள் மூச்சுவிட முடியும்.

இந்தப் பத்தியைத் தயவுசெய்து அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

வீடு யாருடையது?

“பட்டா அம்மா பெயரில் இருக்கிறது, அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்” என்கிறீர்கள். போதாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் அதில் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்பா காலமானபோது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேரும். பட்டா மாறியதால் மற்றவர்களின் உரிமை போய்விடாது. வங்கியும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்கும்.

தம்பிக்கு 19 வயது. அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான், அக்காவுக்காக என்ன கேட்டாலும் செய்வான். அதனாலேயே அவனுக்கு நிலைமையை முழுதாகச் சொல்ல வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக அறிவிக்கும். 2002-ம் வருடச் சர்ஃபாசிச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்த முடியும். கல்விக் கடன் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தை எப்படிச் சோதிப்பது?

பட்டியலை மூடி வைத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்.

பாடம் நடத்துவது யார்: லண்டனுக்கு வெளியே உள்ள சில பல்கலைக்கழகங்கள் லண்டனில் ‘வளாகம்’ என்ற பெயரில் தனியார் நிறுவனங்களைக் கொண்டு வகுப்பு நடத்துகின்றன. உங்கள் ஆஃபர் லெட்டரில் எந்த முகவரி இருக்கிறது, ஆசிரியர்கள் யாருடைய ஊழியர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் முன்பு சொன்ன கண்ணி இங்கேதான். ஃபிரான்சைஸ் ஏற்பாட்டில் பெற்ற பட்டத்துக்கு இணைத்தன்மை கிடையாது என்று யு.ஜி.சி.யின் 2025 விதிகள் சொல்கின்றன.

அரசு மேற்பார்வை: இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்க மாணவர்களுக்கான அலுவலகம் என்ற அமைப்பு இருக்கிறது. முழுநேர இளநிலைப் பட்டத்தில் 80 சதவீதம் பேர் தொடர வேண்டும், 75 சதவீதம் பேர் முடிக்க வேண்டும், 60 சதவீதம் பேர் நல்ல வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக வேண்டும் என்பது அதன் குறைந்தபட்ச எல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் எண்களும் துறைவாரியாக இணையத்தில் கிடைக்கின்றன, முதுநிலைக்கும் தனியாக உண்டு. உங்கள் இடம் எல்லைக்கு மேலே இருக்கிறதா, கணினித் துறையில் எப்படி என்று பாருங்கள். இங்கே கீழே இருந்தால் கெட்ட பெயர் நியாயம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். வேலை பற்றிய எண் உள்நாட்டு மாணவர்களை வைத்து வருவது, உங்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படித்து முடித்த நம் ஆட்கள்: இதுதான் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. லிங்க்ட்இன்னில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உங்கள் படிப்பின் பெயரையும் போட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்த இந்திய மாணவர்களைத் தேடுங்கள். கன்சல்டன்சி அறிமுகப்படுத்தும் ஆட்களை விட்டுவிட்டு நீங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்கு எழுதுங்கள். இப்போது என்ன வேலை, அது படிப்புக்குத் தொடர்புள்ளதா, கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பலர் பதில் போட மாட்டார்கள். பதில் போடும் சிலரே போதும். குடோனிலும் கேர் ஹோமிலும் வேலை பார்ப்பவர்களே அதிகம் என்றால் அதை எந்த ரேங்கும் ஈடு செய்யாது. டேட்டா வேலைக்குப் போனவர்கள் கணிசமாக இருந்தால் மாமாவிடம் தைரியமாகப் பேசலாம்.

பாடத்திட்டம்: புள்ளியியல் எவ்வளவு, நிரல் எழுதுவது எவ்வளவு, நிறுவனங்களோடு சேர்ந்து செய்யும் புராஜெக்ட் உண்டா என்று பாருங்கள். டெஸ்டிங்கில் நான்கு வருடம் இருந்த உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பக் கற்றுக்கொடுக்கும் படிப்புக்கு 28 லட்சம் கொடுக்கக் கூடாது.

பணம் கட்டிய பிறகும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு பிடிப்பார்கள், ஏற்றுக்கொண்ட பிறகு 14 நாளுக்குள் ரத்து செய்யலாமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் விதிகளில் தேடிப் படியுங்கள், கன்சல்டன்சியின் வாய்மொழியை நம்ப வேண்டாம். பணத்தை எப்போதும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். சேர்ந்த பிறகு சொன்ன பாடங்களை நடத்தவில்லை என்பது போன்ற குறை வந்து, உள்ளே புகார் செய்தும் தீராவிட்டால், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சுயேச்சையான மாணவர் குறைதீர் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் புகார் செய்யக் கட்டணம் இல்லை, வெளிநாட்டு மாணவர்களும் போகலாம்.

என்ன செய்யலாம்?

மூன்று வழிகள் தெரிகின்றன. இப்போதே போவது, ஒரு வருடம் தள்ளிவைப்பது, இந்த யோசனையையே விட்டுவிட்டு இங்கே வேறு வழி பார்ப்பது. மூன்றாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் டேட்டா சயன்ஸில் இணையவழிப் படிப்பு நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையை நீங்கள் மறைக்கவில்லை. அது நியாயமான ஆசை. அதை அடக்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. கெட்ட பெயருக்குப் பயந்து அந்தப் பல்கலைக்கழகத்தை விட வேண்டாம். ஆனால் வீட்டை வைத்து, முழுச் செலவுக்கும் கடன் வாங்கி, இந்த வருடமே போக வேண்டாம். இந்த ஒரு வருடத்தில் டெஸ்டிங்கிலிருந்து டேட்டா பக்கம் உள்ள வேலைக்கு உங்கள் நிறுவனத்திலேயே மாற முடியுமா என்று முயலுங்கள். லண்டனில் வேலை தேடும்போது அந்த அனுபவம் ஓராண்டு எம்.எஸ்சி.யைவிட அதிகம் பேசும். சீவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பிரிட்டிஷ் அரசு தருவது, கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்துக் கொடுப்பது, பல்கலைக்கழகத்தின் ரேங்க் பார்ப்பதில்லை. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், உங்களிடம் நான்கு இருக்கிறது. வழக்கமாக ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும், அக்டோபரில் மூடும். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, கடன் இல்லாமல் திரும்பி வருபவருக்கு அது பாரமாக இருக்காது. போட்டி மிகக் கடுமையானது. கிடைக்காவிட்டாலும் ஒரு வருடச் சேமிப்பும் சிறிய கடனுமாகப் போகும் நிலை வேறு. லண்டனுக்கு வெளியே படித்தால் விசா விதிப்படி காட்ட வேண்டிய தொகையே மாதம் 1,171 பவுண்டாகக் குறைகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள். சேர்க்கையை அடுத்த ஜனவரிக்கோ செப்டம்பருக்கோ தள்ளிவைக்க முடியுமா, அதற்கு இப்போதே டெபாசிட் கட்ட வேண்டுமா, வகுப்பு எந்த வளாகத்தில், ஆசிரியர்கள் யாருடைய ஊழியர்கள் என்று நான்கு கேள்விகள் போதும். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று கன்சல்டன்சி அவசரப்படுத்தினால், அந்தக் கடைசித் தேதி பல்கலைக்கழகம் வைத்ததா, இவர்கள் வைத்ததா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், அடுத்ததைச் சேர்ந்து யோசிப்போம்.